ஃபயூம் ஓவியங்களில் 'ஏரி நிறமி': மாற்றுச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த மம்மி முகச்சித்திரங்கள் (கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை) பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து வருகிறேன். "மேலாடையின் இளஞ்சிவப்புக்கு ஏரி நிறமி பூசினர்" என்று எழுதியிருக்கிறார்கள். ஃபயூமில் காரூன் என்று பெரிய ஏரியே இருக்கிறது. படிப்பவர் அந்த ஏரி மண்ணில் எடுத்த நிறம் என்றுதான் நினைப்பார்.

ஆங்கிலத்து 'லேக்' இங்கே நீர்நிலை இல்லை. அரக்கைக் குறிக்கும் லாக்ஷா என்ற வடசொல் பாரசீகம், அரபி, லத்தீன் வழியாகப் போய் அப்படி ஆகிவிட்டது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். காவி, மலாக்கைட், புகைக்கரி எல்லாம் நிறமி. தண்ணீரில் கரையாது, அரைத்துப் பிசினில் குழைத்துப் பூசலாம். மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்போ சாயம். லினன் துணியில் அது நிற்பதற்காக எகிப்தியர் படிகாரத்தை நிறமூன்றியாக வைத்தார்கள். மேற்குப் பாலைவனச் சோலைகளில் படிகாரம் கிடைத்தது. ஆனால் பலகையில் பூசுவதற்கு அந்தச் சாயநீர் உதவாது. அதில் படிகாரம் கரைத்துக் காரம் சேர்த்தால், அலுமினியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகத் திரளும். சாயம் அதைப் பற்றிக்கொண்டு கூடவே அடியில் படியும். வடித்து உலர்த்தி அரைத்தால், கரைந்துகொண்டிருந்த சாயம் கரையாத நிறமி! இதுதான் அந்த 'லேக்'. ரோமர் கால எகிப்தில் சாயத்தை ஜிப்சம் என்ற வெள்ளைக் கனிமத்தின் மேல் ஏற்றியதும் உண்டு. புறஊதா ஒளியில் இந்த மஞ்சிட்டி நிறமி ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக ஒளிர்வதால், ஓவியத்தில் எங்கே பூசியிருக்கிறார்கள் என்று இன்றும் கண்டுபிடிக்க முடிகிறது.

'அரக்கு நிறமி' வேர்ச்சொல்லுக்குப் பொருந்தும், பொருளுக்குப் பொருந்தாது. இங்கே இருப்பது செடியின் வேர். அரக்குப் பூச்சி இல்லை. என் பரிந்துரை: சாயமேறி.

——

> என் பரிந்துரை: சாயமேறி.

ஐயா, 'துணியில் சாயம் ஏறலை' என்று சாயப்பட்டறையில் சொல்வது வழக்கம்தான். அங்கிருந்து எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'சாயமேறி உலர்ந்தது' என்று எழுதினால் பெயர்ச்சொல்லா வினையெச்சமா? 'நிறமூன்றி'யோடும் குழம்பும். 'சாயப்பொடி' என்றால் கடையில் விற்கும், கரையும் பொடி என்றாகிவிடும். ஊறுகாய் போல வினைத்தொகையாக 'சாயமேறு நிறமி' என்று வைக்கலாமே? இது நிறமி வகை என்பதும் பெயரிலேயே நிற்கும்.

——

அம்மா, வினையெச்சக் குழப்பம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. 'சாயமேறு நிறமி' என்றே திருத்துகிறேன். வேரின் பெயரைச் சேர்க்க வேண்டிய இடத்தில் 'மஞ்சிட்டிச் சாயமேறு நிறமி' என்று எழுதினாலும் நாக்கு தடுக்கவில்லை. எகிப்தில் பயன்பட்டது நம் மஞ்சிட்டி இல்லை, அதே பேரினத்தின் வேறொரு செடி என்பதை மட்டும் முதல் முறை வரும்போது அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறேன்.