புதுப்பிப்பு: தம்பியின் கொலஸ்ட்ரோல்

தம்பிக்கு 34 வயது, மெலிஞ்ச உடம்பு, எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் மட்டும் கூட, 238. தேங்காய்ப்பாலை நிற்பாட்டினால் போதுமோ என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. "குடும்பத்தில் ஆருக்கும் இளவயதில் மாரடைப்பு வந்ததோ?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. சித்தப்பா 42 வயதில் அப்படித்தான் போனவர். அப்பாவும் கனகாலமாகக் கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவர்.

டொக்டர் தம்பியின் குதிக்காலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் அமத்திப் பார்த்தார். தடிச்சு, முடிச்சு முடிச்சாக இருந்தது. கொழுப்பு அங்கேயும் படியுமாம். பரம்பரைக் கொலஸ்ட்ரோல் என்றார். எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் ஈரலின் ஏற்பிகள் இதில் சரியாக வேலை செய்யாது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுணுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேணும்தான், ஆனால் அது மட்டும் காணாது. தம்பி ஸ்டாட்டின் எனும் கொலஸ்ட்ரோல் குறைக்கும் குளிசை தொடங்கிவிட்டான்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. எல்லாரும் இரத்தம் குடுத்தோம். எனக்கு 112. தம்பியின் 9 வயது மகளுக்கு 196. அண்டைக்கு வீட்டில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடேல்லை. ஆனால் இந்த வயதிலேயே தெரிய வந்தது பெரிய விசயம், இப்பவே வைத்தியம் செய்யலாம்.

நீரிழிவும் இப்படித்தான் பரம்பரையாக வருமோ என்று கேட்டவர்களுக்கு: அம்மா பக்கம் அது இருக்கு. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் ஒற்றை மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், வயிற்றுக் கொழுப்பும் நடையும் அங்கே நிறைய மாற்றும்.

சித்தப்பாவின் கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ரிப்போர்ட்டை அனுப்பியாச்சு. மூத்தவன் அடுத்த கிழமை சோதிக்கிறான்.