இங்கிலாந்து அறக்கட்டளையில் டிரஸ்டி ஆகலாமா? எங்கட சங்கம் அவங்களிட்டத்தான் நிதி எடுக்குது

தென்னஞ்சோலை (களுவாஞ்சிகுடி):

இங்கிலாந்தில் பதிந்த ஒரு சுகாதார, மாற்றுத்திறனாளிகள் அறக்கட்டளை, நாலைந்து நாடுகளில் வேலை செய்யுது. அதன்ட டிரஸ்டி சபையில் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கு. மூன்று வருஷத் தவணை, சம்பளம் இல்லை, கூட்டம் பெரும்பாலும் ஸூமில். நான் சக்கர நாற்காலி பாவிக்கிறவள், இங்க ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இணைப்பாளர். எங்கட சங்கத்துக்கு நிதி தாற மூன்று இடங்களில் இந்த அறக்கட்டளையும் ஒன்று. என்ட சம்பளத்தில் பாதி அந்தக் காசில்தான் வருது.

ஓம் சொல்ல முதல் என்ன பார்க்கணும்? நாளைக்கு ஏதும் பிழைச்சால் என்ட காணி, வீட்டில் கை வைப்பாங்களா? கணக்கறிக்கை 60 பக்கம் அனுப்பியிருக்காங்க, அதில் எந்தப் பக்கத்தை முதலில் பிரிக்கணும்?

வண்ணக்கர் பேரன்:

அக்கா, எங்கட பக்கம் டிரஸ்டி என்றால் கோயில் வண்ணக்கர்தான் கண்ணுக்கு முன்னால வருவார். வண்ணக்கர் தன்ட குடிக்காக (தாய்வழிக் குலத்துக்காக) போய் இருக்கிறவர், குடிக்காகப் பேசாட்டி குடி சும்மா விடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் டிரஸ்டிக்குக் குடி இல்லை. அறக்கட்டளையின்ட நோக்கத்துக்கு எது நல்லதோ அதுக்குத்தான் கை உயர்த்தணும். அம்பாறையில் வேறொரு சங்கம் நடத்துற திட்டத்தை மூடி அந்தக் காசை ஆபிரிக்காவுக்கு அனுப்புறதுதான் சரி என்று ஆதாரம் காட்டினால், நீங்களும் சம்மதிக்க வேண்டி வரும். அதுக்கு மனம் ஒப்பாட்டி இங்கேயே நிப்பாட்டிடலாம்.

சம்பள விஷயம்தான் பெரிய முடிச்சு. டிரஸ்டிக்கு அறக்கட்டளையின்ட காசில் இருந்து நன்மை போகக்கூடாது, போனால் அதுக்குச் சட்ட அனுமதி இருக்கணும் என்பதுதான் அடிப்படை விதி. சங்கத்தைச் சுத்தி வந்தாலும் அது மறைமுக நன்மையாகக் கணக்கில் வரலாம். கூட்டத்தில் ‘எனக்கு இதில் தொடர்பு இருக்கு’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதும் என்று சிலர் சொல்லுவாங்க. எப்பவாவது ஒருதரம் வாற நலன் முரண்பாட்டுக்கு அது சரி. வருஷா வருஷம் வாற நிதிக்கும் சம்பளத்துக்கும் அது காணாது. வழி மூன்று: உங்கட சம்பளத்தை மற்ற இரண்டு நிதிக்கு மாத்துறது, இந்த நிதி ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு சேருறது, இல்லாட்டி டிரஸ்டி ஆகாமல் ஆலோசனைக் குழுவில் இருக்கிறது. மூன்றாவதில் சட்டப் பொறுப்பும் இல்லை, வாக்கும் இல்லை.

முதலாவது வழியை எடுத்தாலும் சங்கத்துக்குக் காசு வாற வரைக்கும் முரண்பாடு இருந்துகொண்டேதான் இருக்கும். முரண்பாட்டுப் பதிவேட்டில் எழுதணும், வருடாந்தக் கணக்கிலும் ‘தொடர்புடைய தரப்பு’ என்ற குறிப்பில் வெளியில தெரிய வரும். கணவர், சகோதரம், பிள்ளை யாரும் அந்தச் சங்கத்தில் வேலை செய்தால் அதையும் சேர்த்து எழுதுங்க. எழுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே) ஆரும் ஆருக்கும் சொந்தம்தான், அதனால் பட்டியல் ஒள்ளுப்பம் நீளும். நீண்டால் பரவாயில்லை.

காணி, வீடு: அறக்கட்டளை எந்த வடிவத்தில் பதிந்திருக்கு என்று பாருங்க. உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனி என்றாலோ, கூட்டிணைத்த (சட்டத்தில் தனி ஆளாக நிற்கிற) அறநிறுவனம் என்றாலோ கடன் நிறுவனத்தோட நிற்கும். பழைய மாதிரி நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) அல்லது கூட்டிணைக்காத சங்கம் என்றால் ஒப்பந்தங்கள் டிரஸ்டிமாரின்ட சொந்தப் பேரில் நிற்கும், கடனும் அப்படித்தான். எந்த வடிவம் என்றாலும் தெரிஞ்சுகொண்டு கடமையை மீறினால் பாதுகாப்பு இல்லை. கூட்டத்துக்கு வரேல்ல என்பதும் சாட்டு இல்லை. பொறுப்பு எல்லாருக்கும் கூட்டாகத்தான்.

அங்க அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற அறக்கட்டளை ஆணைக்குழுவின்ட இணையப் பதிவேட்டில் கடைசி ஐந்து வருஷக் கணக்கை இலவசமாக எடுக்கலாம். நிதியாண்டு முடிஞ்சு 10 மாதத்துக்குள் அறிக்கை போடணும், பிந்தினால் அதுவும் அங்க தெரியும். இரண்டு வருஷம் தொடர்ந்து பிந்தியிருந்தால் ஏன் என்று கேளுங்க. டிரஸ்டிமாரின்ட பேரையும் பாருங்க. ஒரே வருஷத்தில் மூன்று நாலு பேர் விலகியிருந்தால், விலகினவங்க ஒருத்தரோட தனியாகக் கதைக்காமல் சேராதீங்க.

கம்பனி என்றால் நீங்க சட்டப்படி இயக்குநரும்தான். 2025 நவம்பரில் இருந்து இயக்குநர் அடையாளத்தை உறுதிப்படுத்தணும். சிப் உள்ள கடவுச்சீட்டு என்றால் கைபேசியிலேயே செய்யலாம். சிப் இல்லாட்டி அங்க அதிகாரம் பெற்ற ஒரு முகவர் மூலம்தான் செய்ய வரும். அதுக்கான கட்டணத்தை அறக்கட்டளை கட்டணும், நீங்க இல்லை. முகவரி அத்தாட்சிதான் இங்க உள்ள ஆக்களுக்குத் தடக்குற இடம்: மின்சார பில் அப்பாவின்ட பேரில் இருக்கும். வங்கிக் கூற்றின்ட முகவரியை இப்பவே சரிப்படுத்தி வைங்க. கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட கொடுத்துப் பிரதி எடுக்கணும்.

பேரேடு:

60 பக்கத்தில் நேரே நிதிக் குறிப்புக்குப் போங்க. முன்பக்கத்துப் படங்களும் தலைவரின்ட செய்தியும் ஆறுதலாக வாசிக்கலாம்.

காசு இரண்டு வகை. தந்தவர் ‘இதுக்குத்தான்’ என்று கட்டிப்போட்டது ஒன்று, சபை விரும்பினபடி செலவழிக்கக்கூடியது மற்றது. உதாரணத்துக்கு மொத்த நிதி 9 லட்சம் பவுண் என்று வைப்பம். அதில் 6 லட்சம் கட்டிப்போட்டது, 1 லட்சத்து 20 ஆயிரம் கட்டடம், வாகனம் என்று நிற்குது. மிஞ்சுறது 1 லட்சத்து 80 ஆயிரம். வருஷச் செலவு 12 லட்சம் என்றால் மாதம் 1 லட்சம், அப்போ கையில் இருக்கிறது இரண்டு மாதத்துக்கும் காணாது. அவங்கட இருப்புக் கொள்கையில் (கையிருப்பு எவ்வளவு வைக்கணும் என்ற விதியில்) ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் அந்த இடைவெளியை எப்படி நிரப்பப் போறாங்க என்று கேளுங்க. மொத்த நிதியைப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்காங்க’ என்று நினைக்கிறதுதான் புதுசாச் சேருறவங்க விடுற முதல் பிழை.

மறுகா வருமானம் எங்கிருந்து வருது என்று பாருங்க. பாதிக்கு மேல ஒரே இடத்தில் இருந்து என்றால், அந்த ஒப்பந்தம் முடியுற திகதிதான் அறக்கட்டளையின்ட ஆயுள்.

கணக்காய்வாளரின்ட அறிக்கையில் ‘தொடர்ந்து இயங்குதல்’ என்ற பகுதியை (அறக்கட்டளை தொடர்ந்து நடக்க ஏலுமா என்று சொல்லுறது) தவறவிடாதீங்க. சந்தேகம் இருக்கு என்று ஒரு வரி இருந்தால், அது இடியப்பத்துக்குள்ள கிடக்கிற கல்லு மாதிரி. மெல்லமாத்தான் தட்டுப்படும், பல்லு போயிடும்.

நாணய மாற்றையும் கேளுங்க. 2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருஷம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. ஒப்பந்தம் ரூபாயில் எழுதியிருந்தால் மாற்று லாபம் லண்டனில் தங்கிவிடும், இங்க உள்ள சங்கம் அதே ரூபாயை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு விலைக்கு டீசல் அடிக்கும். பவுணில் எழுதியிருந்தால் ரூபாய் ஏறுற நேரம் சங்கத்துக்கு நட்டம். எந்த நாணயத்தில் என்பதை விட, 10 வீதத்துக்கு மேல மாறினால் பாதீட்டைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு பந்தி இருக்கா என்பதைத்தான் தேடணும்.

தென்னஞ்சோலை:

நன்றி. சம்பளத்தை மற்ற நிதிக்கு மாத்த ஏலும் போல. ஒரு கேள்வி: எங்கட சங்கத்து நிதி பற்றிக் கதைக்கும்போதெல்லாம் நான் வெளியே போகணும் என்றால், மட்டக்களப்பில் இருந்து என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? படத்துக்கு இருத்தின மாதிரி ஆகாதா?

மணல்சில்லு (அக்கரைப்பற்று):

நிதி பங்கிடுற வாக்கில்தான் நீங்க இல்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகளில் தாராளமாப் பேசலாம், உங்கட அறிவு வேலை செய்யுற இடமும் அதுதான்.

சக்கர நாற்காலியையே எடுங்க. சபைக்கு வாற அறிக்கையில் ‘இத்தனை நாற்காலி கொடுத்தோம்’ என்று ஒரு எண் இருக்கும். 12 மாதத்துக்குப் பிறகு எத்தனை பாவனையில் இருக்கு என்ற எண்ணைக் கேளுங்க. உலக சுகாதார நிறுவனத்தின்ட 2008 வழிகாட்டி சேவையை எட்டுப் படியாகப் பிரிக்குது: பரிந்துரை, மதிப்பீடு, எந்த நாற்காலி என்று தீர்மானித்தல், நிதியும் கொள்வனவும், தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பாவிக்கிறவருக்குப் பயிற்சி, பராமரிப்பும் தொடர் கவனிப்பும். பாதீட்டில் முதல் நாலுக்கும் காசு இருக்கும், கடைசி நாலுக்கும் இருக்காது. பொருத்திப் பார்க்காத நாற்காலி, மெத்தை இல்லாத நாற்காலி படுக்கைப்புண்ணைக் கொண்டுவரும். முள்ளந்தண்டு காயப்பட்டவருக்கு உணர்ச்சி இல்லாததால் புண் ஆழமாகிற வரைக்கும் தெரியாது.

மருதமுனை, நிந்தவூர் கடற்கரை மணலில் முன்பக்கச் சின்னச் சில்லு புதைஞ்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரித் தரைக்குச் செய்த நாற்காலி அது. நீளமான அடித்தளமும் அகலமான முன்சில்லும் வேணும். உப்புக்காற்றில் பெயாரிங் இறுகும், டயர், ரியூப் சந்தியில் உள்ள சைக்கிள் கடையில் கிடைக்கிற அளவில் இருக்கணும். வெளிநாட்டில் பாவிச்ச நாற்காலிகளைக் கொள்கலனில் நிரப்பி அனுப்புற யோசனை எந்தச் சபையிலும் இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா எழும்பும். ஒரே அளவு, உதிரிப்பாகம் இல்லை, துறைமுகத்தில் தேங்கினால் தாமதக் கட்டணம். இந்தக் கணக்கைச் சொல்ல அங்க ஒருத்தர் வேணும்.

வீட்டுப் படியும் அப்படித்தான். சாய்தளம் 1க்கு 12 என்றால் 45 சென்ரிமீற்றர் உயரத் திண்ணைக்கு 5.4 மீற்றர் நீளம் போகும். சுனாமிக்குப் பிறகு கட்டின சின்ன வளவுகளில் வாசலுக்கும் வேலிக்கும் இடையில் அந்த இடம் இராது, திருப்பம் வைத்துக் கட்டணும், செலவு கூடும்.

அடுத்தது காலம். நிதியாண்டு மார்ச் 31இல் முடியுற அறக்கட்டளைகள் அதுக்குள்ள செலவழிக்கச் சொல்லுவாங்க. காசு ஒக்டோபரில் வந்தால் நவம்பர், டிசம்பர், ஜனவரி எங்கட மாரிமழைக் காலம். படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே) வெள்ளம் ஏறினால் வீட்டுக்குப் போய் மதிப்பீடு செய்ய ஏலாது. மிச்சக் காசை மார்ச்சில் அவசரமாகப் பொருளாக்கிக் கொடுப்பாங்க. செலவுக் காலத்தை ஒவ்வொரு நாட்டின்ட மழையைப் பார்த்து வைக்கணும் என்று ஒரு விதி போட வைங்க.

யாரை மாற்றுத்திறனாளி என்று எண்ணுறது என்பதையும் கேளுங்க. ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் உள்ள வாஷிங்டன் குழுவின்ட குறும் தொகுதி ஆறு கேள்வி: பார்வை, கேட்டல், நடை, ஞாபகமும் கவனமும், தன்னைப் பராமரித்தல், மற்றவரோட கதைத்து விளங்குதல். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், ஒன்றிலாவது ‘மிகவும் கடினம்’ அல்லது ‘முடியவே முடியாது’ என்றால் கணக்கில் சேரும். மனநலப் பாதிப்பை இது சரியாகப் பிடிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு தொகுதி இருக்கு.

கச்சேரி வாசல்:

மற்றவங்க விட்ட சின்ன விஷயங்கள். லண்டனில் மாலை 6 மணிக் கூட்டம் என்றால் இங்க குளிர்காலத்தில் இரவு 11.30, கோடையில் 10.30. சேர முதலே நேரத்தை மாத்தக் கேளுங்க, பிறகு கேட்டால் மற்றவங்க பழகிப்போயிருப்பாங்க. இணையச் செலவு, உதவியாளர், சைகைமொழி பெயர்ப்பாளர் எல்லாம் நியாயமான செலவுகள், பற்றுச்சீட்டோட திருப்பி எடுக்கலாம், அது சம்பளம் ஆகாது. பத்திரங்கள் ஏழு நாளைக்கு முதல் வரணும். திரைவாசிப்பான் பாவிக்கிற டிரஸ்டி யாரும் இருந்தால் ஸ்கான் பண்ணின படமாக அனுப்பக்கூடாது.

இதை வாசிக்கிற வேறு யாரும் அரச உத்தியோகத்தராக இருந்தால், தாபன விதிக்கோவையை (அரச ஊழியர் சேவை விதிகளை) பார்த்து, திணைக்களத் தலைவரிட்ட எழுத்தில் அனுமதி எடுத்த பிறகுதான் கையெழுத்து. உங்கட சங்கத்தின்ட பதிவு, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் என்றாலும் பிரதேச செயலகத்தில் என்றாலும், நடப்பில் இருக்கா என்றும் பாருங்க. டிரஸ்டி இருக்கிற சங்கத்தைத்தான் முதலில் தோண்டுவாங்க.

தென்னஞ்சோலை:

தலைவருக்கு இப்படி எழுத நினைக்கிறேன்: ‘உங்கள் நிதியில் இருந்து எனக்குச் சம்பளம் வருவது நின்ற பிறகே நியமனத்தை ஏற்பேன். எங்கள் சங்கம் பற்றிய முடிவுகளில் முடிந்தவரை விலகியிருப்பேன். அமைப்பு விதிகள், முரண்பாட்டுக் கொள்கை, டிரஸ்டி காப்புறுதிப் பத்திரம், கடைசி நாலு கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை அனுப்பவும்.’ சரியா?

வண்ணக்கர் பேரன்:

‘முடிந்தவரை’யை வெட்டுங்க அக்கா. ‘கலந்துரையாடல் தொடங்க முதல் வெளியேறுவேன், வாக்களிக்க மாட்டேன், கோரத்தில் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்த ஆள் எண்ணிக்கையில்) என்னை எண்ண வேண்டாம், போன நேரமும் வந்த நேரமும் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்’ என்று எழுதுங்க. அந்தப் பகுதிக்கான பத்திரமும் உங்களுக்கு வரக்கூடாது. ஸூமில் என்றால் காத்திருப்பு அறைக்கு மாத்தச் சொல்லுங்க. கமராவை மூடி வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்தால் அது வெளியேறினது ஆகாது.