முதல் டிவி விளம்பரம்: 30 நொடி ஃபைலைச் சேனல் திருப்பி அனுப்பிவிட்டது, எதை முதலில் சரிசெய்வது?

முதல்கட் கேட்டது:

வணக்கம். இதுவரை இணையத்துக்கான சின்ன வீடியோக்கள்தான் எடிட் செய்திருக்கிறேன். இப்போது ஒரு மரச்சாமான் பட்டறைக்கு 30 நொடி டிவி விளம்பரம் செய்து தர ஒப்புக்கொண்டு, ஒரே நாளில் ஷூட் முடித்து, நாலு ராத்திரி உட்கார்ந்து வெட்டினேன். லேப்டாப்பில் பார்க்க நன்றாகவே இருந்தது. சேனலுக்கு அனுப்பிய மறுநாளே ஃபைல் திரும்பிவிட்டது. காரணம் மூன்று வரியில்: ஒலி மைனஸ் 14 லஃப்ஸ் (சத்த அளவின் அலகு), வேண்டியது மைனஸ் 23. ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 30, வேண்டியது 1080 இன்டர்லேஸ் (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் காட்டும் முறை), 25. எழுத்துகள் பாதுகாப்பு எல்லைக்கு (டிவி ஓரத்தில் வெட்டுப்படாத பகுதிக்கு) வெளியே.

25 என்று மாற்றி எக்ஸ்போர்ட் செய்தால் கேமரா நகரும் இடத்திலெல்லாம் படம் விக்கி விக்கிப் போகிறது. பட்டறைக்குள் எடுத்த ஷாட்டுகளில் சுவரில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் ஊர்கின்றன, அது எதனால் என்று புரியவில்லை.

சேனல் சொல்லாத குறை ஒன்றும் இருக்கிறது. தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினேன், முடிந்ததும் கேட்டால் ஒருவருக்கும் பட்டறையின் பெயர் ஞாபகமில்லை. கட்டில், மேசை, அலமாரி, பழுதுபார்ப்பு, தவணை வசதி, வீட்டுக்கே கொண்டுவந்து தருவது என்று முதலாளி சொல்லச் சொன்ன ஒன்பது விஷயமும் உள்ளே இருக்கிறது. அவர் கேமராவைப் பார்த்துப் பேசும் 12 நொடி மனப்பாடம் ஒப்பிப்பது போல இருக்கிறது. ஒளிபரப்பு நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டார், அது அவர் சேர்த்து வைத்த பணம். எட்டு நாள் இருக்கிறது. உதவுங்கள்.

டைம்லைன்வாசி:

பதற வேண்டாம், மூன்றும் சரிசெய்யக்கூடியவைதான். முதலில் அந்தப் பட்டை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். நீங்கள் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/60 நொடியில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1/50 அல்லது 1/100 வைத்திருந்தால் விளக்கின் துடிப்போடு ஒத்துப்போய் பட்டை வந்திருக்காது. (60 ஹெர்ட்ஸ் ஓடும் இடமென்றால் 1/60, 1/120.) எடுத்த பிறகு இதை நீக்குவதற்கு ப்ளகின்கள் இருக்கின்றன, ஆனால் முகத்தின் மேல் பட்டை ஊர்ந்தால் அவை பாதிதான் காப்பாற்றும்.

விக்கலுக்குக் காரணம், 30-ஐ 25 ஆக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு நொடியிலும் ஐந்து ஃப்ரேமைத் தூக்கி எறிகிறது. கை வேலை செய்கிற, பேச்சில்லாத ஷாட்டுகளை அப்படி மாற்றாதீர்கள். அந்தக் கிளிப்பை 25 என்று இன்டர்ப்ரெட் செய்யுங்கள், அதாவது இருக்கிற ஃப்ரேம்களையே நொடிக்கு 25 வீதம் ஓடவிடுங்கள். ஒரு ஃப்ரேமும் போகாது, வேகம் மட்டும் 83 சதவீதமாகக் குறையும். 6 நொடி ஷாட் 7.2 நொடி ஆகும். மர வேலைக்கு அந்த லேசான நிதானம் அழகாகவே இருக்கும், பண்ணிப் பாருங்கள். ஆள் பேசும் ஷாட்டுக்கு இது உதவாது, உதடும் குரலும் பிரிந்துவிடும். அதைத் திரும்ப எடுப்பதுதான் நேர்வழி.

அப்புறம் ஒரு பழக்கம், இனி எந்தச் சேனலாக இருந்தாலும் ஷூட்டுக்கு முன்பே அவர்களுடைய தொழில்நுட்ப விவரத் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். 25-ஆ 29.97-ஆ, எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), ஆடியோ எத்தனை சேனல் என்று எல்லாம் அதில் இருக்கும். கேமராவில் முதல் பட்டனை அழுத்துவதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும்.

மைக்பிடிப்பவன்:

ஒலிக்கு வருகிறேன். மைனஸ் 14 என்பது இணையத்துக்கான பழக்கம். மைனஸ் 23 என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த ஆர்128 அளவு, பல நாட்டுச் சேனல்கள் அதையே பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் மைனஸ் 24. நிகழ்ச்சி ஒரு சத்தத்திலும் விளம்பரம் காதைக் கிழிக்கிற சத்தத்திலும் வரக்கூடாது என்பதற்காக வந்த விதி இது.

மாஸ்டர் ஃபேடரை (மொத்த ஒலியின் கட்டுப்பாட்டை) 9 டெசிபல் இறக்கினால் எண் சரியாகிவிடும், சேனலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதோடு விடாதீர்கள். மைனஸ் 14-க்கு ஏற்றுவதற்காக லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டு எல்லாவற்றையும் நசுக்கியிருப்பீர்கள், அதை அப்படியே இறக்கினால் பக்கத்து விளம்பரங்களுக்கு நடுவே குரல் சோர்ந்து கேட்கும். லிமிட்டரைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து மிக்ஸ் செய்யுங்கள். குரல் முன்னால், இசை அதற்கு நன்றாகக் கீழே. உச்சம் மைனஸ் 1 டெசிபல் ட்ரூ பீக்கை (ஒலி அலையின் உண்மையான உச்ச அளவை) தாண்டாமல், முழு 30 நொடிக்கும் இன்டக்ரேட்டட், அதாவது சராசரி அளவு எடுத்துப் பாருங்கள். கடைசியில் ஒருமுறை மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) கேளுங்கள், சில மைக் பதிவுகள் மோனோவில் பாதி காணாமல் போகும்.

இசை எங்கிருந்து எடுத்தீர்கள்?

முதல்கட்:

ஷட்டர் 1/60-தான், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இசை ஒரு பிரபலமான பாட்டின் ஆரம்ப இசை, எட்டு நொடிதான். அது பரவாயில்லை அல்லவா? குரலுக்குக் கேமராவின் மேலிருந்த மைக், நாலு மீட்டர் தள்ளி வைத்து எடுத்தேன்.

மைக்பிடிப்பவன்:

பரவாயில்லை இல்லை, உடனே எடுத்துவிடுங்கள். எட்டு நொடிக்கு விலக்கு என்றெல்லாம் எதுவும் கிடையாது. பாட்டை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை ஒன்று, அந்தப் பதிவின் உரிமை இன்னொன்று, விளம்பரத்துக்கு இரண்டும் எழுத்தில் வேண்டும். ராயல்டி ஃப்ரீ தளத்தில் வாங்கினாலும் உரிமத்தில் டிவி ஒளிபரப்பு சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள், பல உரிமங்கள் இணையத்தோடு நின்றுவிடும். வழக்கு வந்தால் அந்த முதலாளியின் பெயரும்தான் அடிபடும்.

நாலு மீட்டரில் குரலோடு பட்டறையின் எதிரொலியும் சேர்ந்துதான் வந்திருக்கும், அதைப் பிரிக்க முடியாது. காலர் மைக் ஒன்று வாடகைக்கு எடுங்கள். மிஷின், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியையும் பதிவு செய்யுங்கள், வெட்டு விழும் இடங்களை மூட அது வேண்டும்.

பழையபிரதி:

மேலே சொன்னதெல்லாம் ஃபைலைச் சேனலுக்குள் அனுப்பும். பெயர் ஏன் ஒருவருக்கும் நிற்கவில்லை என்பதுதான் என் கவலை.

1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் புலோவா கடிகார விளம்பரம் ஓடியது. அமெரிக்காவில் அனுமதியோடு ஒளிபரப்பான முதல் டிவி விளம்பரம் அதுதான். திரையில் ஒரு கடிகாரம், புலோவா என்ற பெயர், அவ்வளவுதான். உங்களிடம் 30 நொடி இருக்கிறது, அதில் ஒன்பது விஷயம் திணித்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு மூன்று நொடி சொச்சம்தான் கிடைக்கிறது, பெயர் எங்கே ஒட்டும்?

முதலாளியிடம் போய், எதைச் சேர்க்கலாம் என்று கேட்காமல், வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப உங்களிடம் வருவது எதற்காக என்று கேளுங்கள். அவர் முதலில் சொல்கிற பதில்தான் உங்கள் விளம்பரம். மீதி எட்டையும் விட்டுவிடுங்கள். ஸ்க்ரிப்ட்டைச் சத்தமாக, ஸ்டாப்வாட்ச் வைத்துப் படியுங்கள், 24 நொடியைத் தாண்டினால் வெட்டுங்கள்.

அவரைக் கேமரா பார்த்துப் பேச வைக்காதீர்கள்.

டைம்லைன்வாசி:

இதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. உள்ளூர்த் தொழிலுக்கு முதலாளியின் முகம் பெரிய பலம். கடைசி மூன்று நொடியாவது அவர் தெரிய வேண்டும், தெருவில் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும்.

பழையபிரதி:

முகம் வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா, ஒப்பிப்பதுதான் வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பேச்சுக் கொடுங்கள். அவர் உங்களோடு பேசட்டும். இருபது நிமிடம் ஓடவிட்டால் எங்கோ ஒரு வரி தானாக வந்து விழும். அந்தக் குரலை எடுத்து வேலை செய்யும் ஷாட்டுகள்மேல் போடுங்கள், முகம் கடைசியில் வரட்டும்.

எழுத்துக்காரி:

எழுத்துகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 1920க்கு 1080 படத்தில் ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்து சதவீதம் விடுங்கள், அதாவது இடவலம் 96 பிக்சல், மேல்கீழ் 54. சேனல் லோகோ எந்த மூலையில் வரும், கீழே செய்தி ஓடுமா என்று கேட்டு அந்த இடங்களைக் காலியாக வையுங்கள். போன் நம்பரை வாய்விட்டு இரண்டு தடவை படித்து முடிக்கும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். இன்டர்லேஸ் என்பதால் ஒரு பிக்சல் கிடைக்கோடு டிவியில் துடிக்கும், பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தால் நாலு பிக்சலாவது ஆக்குங்கள். முடிந்ததும் லேப்டாப்பில் பார்க்காமல் ஒரு டிவியில் போட்டு, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

முதல்கட் (ஆறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அரை நாள் திரும்ப எடுத்தோம், 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, பட்டை சுத்தமாக இல்லை. ஏன் உங்களிடம் திரும்ப வருகிறார்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே, "ஆடாது சார், எத்தனை வருஷமானாலும் நம்ம மேசை ஆடாது" என்றார். நான் கேட்டதற்காகச் சொன்னது போலவே இல்லை, மரத்திடம் சொன்னது போல இருந்தது. பேசி முடித்ததும் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், அதையும் பிடித்துவிட்டேன்.

இப்போது விளம்பரம் இப்படி இருக்கிறது. முதல் நாலு நொடி இசையே கிடையாது, இழைப்புளியின் சத்தம், சுருண்டு விழும் மரச்சுருள் மட்டும். அப்புறம் அவர் குரல், மேசையில் விளிம்புவரை நிரம்பிய ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் ஒரு குழந்தை மேசைமேல் எக்கி எழுதுகிறது, தண்ணீர் அசையவில்லை. (குழந்தையின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.) 22-ஆவது நொடியில் அவர் முகம், பெயர், நம்பர், கடைசிவரை நிற்கிறது. தவணையையும் பழுதுபார்ப்பையும் விட மனசில்லாமல் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார், அவற்றை இதே ஷூட்டிலிருந்து தனித்தனி 10 நொடி விளம்பரமாக வெட்டித் தருகிறேன் என்றதும் சரி என்றார்.

மைனஸ் 23.1 வந்தது, சேனல் ஏற்றுக்கொண்டது. புதிதாக ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினேன், நாலு பேர் பெயரைச் சொன்னார்கள், ஐந்தாவது ஆள் "அந்த ஆடாத மேசைக் கடை" என்றார். நாளை மறுநாள் ஒளிபரப்பு.

பழையபிரதி:

அந்த ஐந்தாவது ஆள் சொன்னதை முதலாளியிடம் சொல்லுங்கள். டம்ளர் ஷாட்டின் முழு டேக்கையும், அந்த இருபது நிமிடக் குரலையும் இரண்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள், 10 நொடி வெட்டுகளுக்கு அதெல்லாம் வேண்டும்.