கிட்டார் ஆம்ப் எந்த நாட்டில் செய்தது என்று பார்க்க வேண்டுமா?

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தேவாலயப் பாடல் குழுவுக்கு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கப் போகிறோம். எனக்குப் பிடித்தது மார்ஷல் கம்பெனியின் டிஎஸ்எல் மாடல். பின்பக்கம் வியட்நாம் என்று போட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் செய்ததுதான் மார்ஷல் என்று குழுவில் ஒரு அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கென்னவோ நாட்டைவிட டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், சால்டரிங் இவைதான் முக்கியம் என்று படுகிறது. ஃபெண்டர் கம்பெனியின் ப்ளூஸ் ஜூனியர் ஆம்ப்கூட மெக்சிகோவில் செய்ததுதானே?

அப்புறம், அமெரிக்காவில் விற்கும் ஆம்ப் 120 வோல்ட். அதை நம் 230 வோல்ட்டில் போட, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் ஏறி இறங்கும் ஊர் எங்களுடையது.

இரண்டு நாட்டு மார்ஷலும் வாசித்தவர்கள், சத்தத்தில் வித்தியாசம் தெரிந்ததா என்று சொல்லுங்கள். தஞ்சாவூர், திருச்சி பக்கம் வால்வு மாற்றி பயாஸ் (வால்வில் ஓடும் கரண்ட் அளவு) சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறாரா?