கறுப்பினத் தாய் தகப்பன்மாரின் பிரசவ கால மனநிலை: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அட்லாண்டா, பிரசவ வார்டு நர்ஸ்:
டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எடின்பரோ ஃபார்ம் குடுப்போம், பிரசவ கால மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கிறது. பத்துக் கேள்வி. போன ஏழு நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, காரணமே இல்லாம பயந்தீங்களான்னு ஆரம்பிச்சு, உங்களையே காயப்படுத்திக்கத் தோணுச்சாங்கிறதுல முடியும். 1987ல எழுதினது, இன்னைக்கும் அதான் ஓடுது.

ஒரு கறுப்பினப் பொண்ணு, தலைப்பிரசவம், சிசேரியன். மளமளன்னு டிக் பண்ணிக் குடுத்துட்டா, மொத்த மதிப்பெண் பூஜ்யம், அதாவது மனசுல ஒரு தொந்தரவும் இல்லைன்னு அர்த்தம். எனக்கு அப்பவே உறுத்துச்சு. நடுராத்திரி பி.பி. பார்க்கப் போனா, தொட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சிருக்கா. குழந்தை மூச்சு விடுதான்னு பார்க்கிறாளாம். ஃபார்ம் பேச்சை எடுக்காம, "ஏதாச்சும் சாப்டியா?"ன்னு கேட்டு ஜூஸ் கொண்டு வந்தேன். பாதி குடிச்சதும் அவளே சொன்னா, உள்ளதை எழுதினா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. வீண் பயம்னு தள்ள முடியாது. இந்த ஊர்ல குழந்தைகள் நலத்துறை விசாரணைக்குப் போறது வெள்ளைக்காரங்க வீட்டைவிட இவங்க வீட்டுக்குத்தான் அதிகம். அதனால சோஷியல் வொர்க்கர் எதுக்கு வர்றாங்க, என்ன கேப்பாங்கன்னு முதல்ல விளக்கி, அவ சரின்னதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டேன்.

டல்லாஸ்:
தப்பா நினைக்காதீங்க அக்கா, இதுக்கெல்லாம் வறுமைதானே காரணம்?

அட்லாண்டா:
இல்லை தம்பி. ஷலான் இர்விங்னு ஒரு கறுப்பினப் பெண், அமெரிக்க அரசாங்கத்தோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.லயே வேலை பார்த்த தொற்றுநோயியல் நிபுணர், முனைவர் பட்டம் வாங்கினவங்க. 2017ல பிரசவமாகி மூணே வாரத்துல போயிட்டாங்க. அதே வருஷம் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் நுரையீரல்ல ரத்தக்கட்டி, ஸ்கேன் எடுங்கன்னு அவங்களே கேட்க வேண்டியிருந்துச்சு. 2023 அமெரிக்கக் கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு இறக்கிற கறுப்பினத் தாய்மார் 50.3, வெள்ளையினத்துல 14.5. இதைத் தெரிஞ்சுக்கிட்டே ஒருத்தி வயித்துல பிள்ளையோட நடமாடுறா. மனசு எப்படி இருக்கும்?

ஹூஸ்டன்:
நான் சொல்ல வந்தது அப்பாவைப் பத்தி. கூட வேலை பார்க்கிற கறுப்பின நண்பர். மனைவிக்குப் பிரசவத்துல ரத்தப்போக்கு, பிழைச்சுக்கிட்டாங்க. இவருக்குத்தான் தூக்கம் போச்சு. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வெச்சுட்டு, சார்லஸ் ஜான்சன் பேசின வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அந்த மனுஷன் மனைவி கீரா 2016ல சிசேரியன் முடிஞ்ச சில மணி நேரத்துல உள்ளே ரத்தம் கசிஞ்சு இறந்தவங்க. செக்கப்புக்குப் போறப்பல்லாம் தாயையும் பிள்ளையையும் விசாரிச்சாங்களாம், இவரை ஒருத்தரும் கேட்கலை. போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல்ங்கிற தொண்டு அமைப்பு அப்பாக்களுக்கு இலவசமா ஆன்லைன்ல ஆதரவுக் கூட்டம் நடத்துறாங்க, கறுப்பின அம்மாக்களுக்கும் தனியா உண்டு. முதல்ல கேமராவை அணைச்சு வெச்சுட்டுச் சும்மா கேட்டுக்கிட்டிருந்தாராம். இப்போ பேசுறார்.

அட்லாண்டா:
1-833-852-6262. கர்ப்பிணிகள், புது அம்மாக்களோட மனநலத்துக்காக 2022ல ஆரம்பிச்ச அமெரிக்க அரசாங்க உதவி எண், ராத்திரி பகல் எப்பவும் பேசலாம், மெசேஜும் அனுப்பலாம், காசு கிடையாது. ஜார்ஜியாக்காரங்களுக்கு இன்னொண்ணு: குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்ட் 2022 கடைசியிலிருந்து பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் இருக்கு. ஆறு வாரச் செக்கப்போட முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க, கவுன்சிலிங்குக்கும் அதைக் காட்டலாம்.