ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது, அந்த நாள் கூலி?

பழவேற்காட்டுப் பையன்:
ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் எங்கள் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது நான் கத்திக் குதித்தேன், அப்பா பேசாமல் நின்றார், ஏனென்றால் அன்று படகு கரையில் கிடந்தது. ஊருக்கே பெருமை தரும் வேலைக்கு மீன்பிடிக்கிறவன் மட்டும் ஏன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்?

தடா ஊர்க்காரன்:
தம்பி, தடை தேவைதான். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் இங்கிருந்து கிழக்கே ஏவினால் நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் சும்மா கிடைக்கிறது, எரிந்து தீர்ந்த பாகங்களும் ஊர்மேல் விழாமல் கடலில் விழும். அங்கே படகு நின்றால்?

கும்மிடிப்பூண்டி அக்கா:
இன்னொன்றும் இருக்கு. 2022 நவம்பர் 26 அன்று இங்கிருந்து போன ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்க்கிறது, அப்படிப்பட்ட தகவலை வைத்துத்தான் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. ஆனால் ஏரியிலும் கரையோரமும் வலை போடுகிறவருக்கு அது எவ்வளவு உதவும்?

பழவேற்காட்டுப் பையன்:
சரி அண்ணே, தடையை நான் எதிர்க்கவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிறார்களே அக்கா, அதே கணக்கை இதற்கும் வைக்கலாமே, ஏவுதல் தள்ளிப்போகும் நாளையும் சேர்த்து. ஆந்திராப் பக்கத்துக் குப்பங்களில் இதற்கு என்ன கேட்கிறார்கள், தெரிந்தால் எழுதுங்கள்.