புதுப்பிப்பு: அண்ணனின் குறட்டையும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும்

மன்னார்குடியில் இருக்கும் அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தஞ்சாவூரில் செய்தாகிவிட்டது. ஸ்லீவ் முறை, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள்.

"வயிற்றை வெட்டினால் தொண்டை எப்படிச் சரியாகும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்பு, படுத்ததும் மூச்சுப்பாதையைக் குறுக்குகிறது. தொப்பை வேறு நுரையீரலை நெருக்குகிறது. எடை இறங்க இறங்க இரண்டும் தளரும்.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைப்பட்டால் தீவிரம், 5-க்குக் கீழே இயல்பு. தீவிரத்தில் இருந்தவர் இப்போது நடுத்தரத்துக்கு வந்திருக்கிறார். சம்பா அறுவடை நேரத்தில் பைக் ஓட்டும்போதே கண்ணசந்தவர், இப்போது மதியம்கூடத் தூங்குவதில்லை.

ஆனால் சிபாப் இயந்திரம், அதாவது தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி, தொடர்கிறது. குறட்டை குறைந்ததும் அதை ஓரங்கட்டப் பார்த்தார். மறுபரிசோதனை பார்க்காமல் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாடை அமைப்பும் ஒரு காரணம் என்பதால் எல்லோருக்கும் இந்த மூச்சுத் தடை முழுதாகப் போய்விடாது.

அப்புறம், வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை, "ஒரு கரண்டி சோறு ஒரு சாப்பாடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.